நிறுவனம் தள்ளாடும்போது: இணையத் தொலைபேசி எண்ணை இழக்காமல் இடம் மாறுவது

2007 ஜூலை 16 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இயங்கிவந்த சன்ராக்கெட் என்ற இணையத் தொலைபேசி நிறுவனம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூடப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அதன் இணைப்பில் இருந்தார்கள். ஆண்டுக் கட்டணம் 199 டாலர் என்பதுதான் அந்த நிறுவனத்தின் கவர்ச்சியே. பலர் அதை மொத்தமாக முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். உதவி எண்ணை அழைத்தவர்களுக்கு, இனி வாடிக்கையாளர் அழைப்புகளை ஏற்பதில்லை என்ற பதிவுக்குரல் மட்டும் கேட்டது. எய்ட் பை எய்ட், டெலிபிளெண்ட் என்ற இரண்டு நிறுவனங்கள் அந்த வாடிக்கையாளர்களை ஏற்றுக்கொள்ள முன்வந்தன. கட்டிய பணத்தைத் திரும்பப் பெறும் வழி கடன்காரர்களின் வரிசையில் போய் நின்றது.

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீட்டுக்கும் கடைக்கும் இணையத் தொலைபேசி வைத்திருக்கும் தமிழர்களுக்காக இந்த அத்தியாயம். உங்கள் நிறுவனத்தைப் பற்றி மனத்தில் சந்தேகம் தட்டிவிட்டால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதே இதன் பொருள். இதில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்: நிறுவனம் உயிரோடு இருக்கும்போதே எண்ணை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். எண் புதிய இடத்தில் வேலை செய்யும்வரை பழைய கணக்கை ரத்து செய்யாதீர்கள்.

எண் யாருடைய கையில் இருக்கிறது

கட்டிய பணம் போனால் ஓராண்டுக் கட்டணத்தோடு போகும். எண் போனால் இழப்பு அதைவிடப் பெரிது. மதுரையில் இருக்கும் பெரியம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமாவும் மனப்பாடமாக வைத்திருப்பது அந்த எண்ணைத்தான். வங்கி, மருத்துவர், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அதைத்தான் பதிந்து வைத்திருக்கின்றன. ஸ்கார்பரோவிலோ எடிசனிலோ மளிகைக்கடை நடத்துபவர் ஆண்டுதோறும் நாள்காட்டி அச்சடித்துக் கொடுக்கிறார் என்றால், அந்த எண் நூற்றுக்கணக்கான சமையலறைச் சுவர்களில் தொங்குகிறது.

உங்களுக்கு மாதாமாதம் பில் அனுப்பும் நிறுவனத்திடம் பெரும்பாலும் சொந்தமாக எண்கள் இருப்பதில்லை. மொத்த வியாபாரம் செய்யும் ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து எண்களையும் வழித்தடத்தையும் வாங்கி, அதன்மேல் தன் பெயரைப் போட்டு விற்கிறது. இது உள்வாடகை போன்றது. நீங்கள் ஒழுங்காக வாடகை கொடுத்தாலும், நடுவில் இருப்பவர் வீட்டுக்காரருக்குக் கொடுக்காவிட்டால் பூட்டப்படுவது நீங்கள் குடியிருக்கும் அறைதான். அதனால், நிறுவனம் அதிகாரபூர்வமாக மூடப்படுவதற்கு முன்பே சில ஊர்களின் எண்கள் மட்டும் திடீரென்று ஒலிக்காமல் போகலாம்.

ஒரு எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதைப் போர்ட் செய்வது என்கிறார்கள். விண்ணப்பத்தைப் புதிய நிறுவனம் அனுப்பும். பழைய தரப்பு பெயர், முகவரி, கணக்கு எண் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒப்புதல் தரவேண்டும். அதன்பின் நாடு முழுவதற்குமான எண் மாற்றத் தரவுத்தளத்தில் உங்கள் எண்ணுக்கான வழி திருத்தப்படும். ஆக, பழைய நிறுவனத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆட்களை அனுப்பிவிட்ட அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பத்தை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். "இன்னும் ஓரிரு மாதம் பார்க்கலாம்" என்ற பொறுமை பல காரியங்களில் நல்லது. இதில் அது ஆபத்து.

எது அறிகுறி, எது வெறும் சத்தம்

சன்ராக்கெட் மூடப்பட்ட அதே 2007ஆம் ஆண்டில் வானேஜ் என்ற இன்னொரு இணையத் தொலைபேசி நிறுவனத்தைப் பற்றிய செய்திகள் இன்னும் மோசமாக இருந்தன. காப்புரிமை வழக்கில் வெரைசனுக்கு 58 மில்லியன் டாலர் தரவேண்டும் என்று மார்ச்சில் ஜூரி தீர்ப்பளித்தது. ஏப்ரலில், புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று நீதிபதி தடை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உடனே நிறுத்திவைத்தது. வானேஜ் அந்த வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொண்டு பிழைத்தது. 2009இல் மாதம் 24.99 டாலருக்கு இந்தியா உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அளவில்லாமல் பேசும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் வாழும் இந்தியக் குடும்பங்கள் பல அந்தத் திட்டத்தின் வழியாகத்தான் இணையத் தொலைபேசிக்குப் பழகின. 2022இல் எரிக்சன் அந்த நிறுவனத்தை 6.2 பில்லியன் டாலருக்கு வாங்கியது.

தலைப்புச் செய்தியின் உரப்பை வைத்து நிறுவனத்தின் ஆயுளைக் கணிக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும். சேவை ஒருசில நாள் படுத்துவிட்டது என்பதும் தனியாக ஓர் அறிகுறி ஆகாது. 2021 செப்டம்பரில் கனடாவின் வாய்ப் எம்எஸ் நிறுவனத்தின் மீது, பணம் கேட்டு மிரட்டிய கும்பல் ஒன்று இணையத் தாக்குதல் நடத்தியது. சேவை ஒரு வாரத்துக்கும் மேலாகத் தடுமாறியது. நிறுவனம் அதைத் தாண்டி வந்துவிட்டது. அப்படிப்பட்ட நாட்களில் போர்ட் விண்ணப்பம் அனுப்பினாலும் அது எளிதில் நகராது. அவசரத்துக்கு, வேலை செய்யும் இன்னொரு எண்ணைச் சொந்தக்காரர்களுக்குத் தெரிவித்துவிட்டு, புயல் அடங்கியபின் முடிவெடுப்பதே நல்லது.

நான் கவலைப்படுவது வேறு விஷயங்களுக்கு. மாதக் கட்டணத்தில் இருப்பவரை ஆண்டுக் கட்டணத்துக்கோ "வாழ்நாள்" கட்டணத்துக்கோ மாறச் சொல்லி, தள்ளுபடியோடு அடிக்கடி மின்னஞ்சல் வருகிறதா? கையில் உடனே ரொக்கம் தேவைப்படுகிற நிறுவனம் இப்படித்தான் நடந்துகொள்ளும். வெளியேறியவர்களின் எண்ணை விடாமல் வாரக்கணக்கில் இழுக்கிறார்கள் என்ற புகார் பெருகுகிறதா? குறிப்பிட்ட சில ஊர்களின் எண்களுக்கு மட்டும் அழைப்பு வராமல் போகிறதா? வெளிநாட்டு அழைப்புகள் காரணம் சொல்லாமல் ஒவ்வொரு நாடாகத் துண்டிக்கப்படுகின்றனவா? உதவி எண்ணில் யாருமே எடுப்பதில்லையா? இவற்றில் ஒன்று இருந்தால் கவனியுங்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் கிளம்புங்கள்.

இன்னொரு வகை உண்டு. பணத்துக்குக் குறைவே இல்லாத நிறுவனமும் ஒரு சேவையைக் கைவிடலாம். ஏடி அண்ட் டி தன் கால்வான்டேஜ் என்ற இணையத் தொலைபேசிச் சேவையில் முதலில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. பிறகு சேவையையே நிறுத்தியது. ஸ்கைப்பை மூடப்போவதாக 2025 பிப்ரவரி 28 அன்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மே 5 அன்று அது முடிந்தது. ஆகவே பெரிய பெயர் என்பதையே காப்பாக எண்ண வேண்டாம். புதியவர்களைச் சேர்க்காத சேவை முடிவை நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஆனால் உறுதியாக வெளியேறத் தொடங்கலாம்.

இன்றே செய்யவேண்டியவை

மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். கணக்குப் பக்கத்துக்குள் நுழைந்து கடைசி மூன்று மாத பில்களைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். கணக்கு எண், பின் எண், பதிவிலுள்ள பெயர், சேவை முகவரி நான்கையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒரு தாளில் குறித்து வையுங்கள். நிறுவனம் மூடினால் அந்தப் பக்கமும் மறைந்துவிடும். எண் உங்களுடையது என்று நிரூபிக்க இந்த பில்தான் மிஞ்சும். சேமித்து வைத்த குரல் அஞ்சல்களையும் எடுத்துவிடுங்கள். எண் மாறும்போது அவை கூட வருவதில்லை. மறைந்துபோன ஒருவரின் குரல் அதில் இருக்கிறது என்றால், இந்த வேலையை நாளைக்கு ஒத்திப்போடாதீர்கள்.

அடுத்தது பணம். தானாகப் புதுப்பிக்கும் ஆண்டுத் திட்டத்தை மாதத் திட்டமாக மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். வெளிநாட்டு அழைப்புக்கென்று போட்டுவைத்த இருப்பைப் பேசித் தீர்த்துவிடுங்கள். கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகிறது என்றால் கடன் அட்டைக்கு மாற்றுங்கள். சேவை கிடைக்காதபோது அட்டை நிறுவனத்திடம் தகராறு எழுப்ப முடியும். அமெரிக்கச் சட்டம் இதற்கு 60 நாள் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கட்டணம் இடம்பெற்ற பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். ஜனவரியில் ஆண்டுப் பணம் கட்டியவருக்கு ஆகஸ்டில் அந்த வாதம் பலவீனமாகிவிடும். மாதாமாதம் கட்டுவதில் சில டாலர் கூடுதலாகப் போனாலும், சந்தேகத்துக்குரிய நிறுவனத்தோடு அதுதான் மலிவு.

புதிய இடம்

விலையைப் பற்றி இங்கே நீட்டப்போவதில்லை. அதை எல்லோரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, "என் எண்ணை உங்களால் எடுத்துக்கொள்ள முடியுமா?" என்பதே. எல்லா நிறுவனமும் எல்லா ஊர் எண்ணையும் ஏற்க முடியாது. அந்தப் பகுதியில் அதற்கு வழித்தடம் இருக்க வேண்டும். கூகுள் வாய்ஸ் போன்ற சேவை கைபேசி எண்ணை மட்டுமே போர்ட் செய்து ஏற்கிறது. வீட்டு இணையத் தொலைபேசி எண்ணை நேராக அங்கே கொண்டுபோக முடியாது. கட்டணமில்லா 800 வகை எண்களுக்கு நடைமுறையே வேறு. கடைக்காரர்கள் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கருவி. சன்ராக்கெட் கொடுத்த அடாப்டர் அந்த நிறுவனத்தோடு பூட்டப்பட்டது. நிறுவனம் போனபின் அது மேசைமேல் கிடக்கும் பிளாஸ்டிக் டப்பா. ஊமா டெலோவும் மேஜிக்ஜாக்கும் அப்படித்தான், அந்தந்தச் சேவைக்கு மட்டுமே உரியவை. கருவிக்குப் பெரும் விலை கொடுத்து, பிறகு கட்டணமே இல்லை என்று விற்கும் முறையில், நிறுவனம் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதன்மேல் நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள். ஒரு முறை அலைந்தவர்களுக்கு நான் சொல்வது, பூட்டப்படாத அடாப்டர் ஒன்றை வாங்கி, சொந்தக் கருவியை அனுமதிக்கும் நிறுவனத்தில் சேருங்கள் என்பதுதான். அடுத்த முறை நிறுவனம் மாறினால் கருவியில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வர் முகவரியையும் மாற்றி எழுதினால் போதும்.

வீட்டுத் தொலைபேசியே தேவைப்படாமல், எண் மட்டும் வேண்டும் என்றால், அதைக் குறைந்த விலை கைபேசித் திட்டம் ஒன்றுக்குப் போர்ட் செய்யலாம். மாதம் சில டாலருக்கு எண்ணைப் பத்திரமாக நிறுத்திவைக்கும் சேவைகளும் உண்டு.

போர்ட் விண்ணப்பமும் நம் பெயர்களும்

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் விவரம் பொருந்தாமை. இதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அப்பா பெயரின் முதலெழுத்தைச் சிலர் முன்னால் போடுகிறோம், சிலர் பின்னால். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி நிற்கிறது. தொலைபேசிக் கணக்கில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கிறது. வேறு சில வீடுகளில் கணக்கு மனைவி பெயரில் இருக்கும், விண்ணப்பத்தில் கணவர் கையெழுத்துப் போட்டிருப்பார். பழைய வீட்டு முகவரியைச் சேவை முகவரியாக விட்டுவைத்தவர்களும் நிறைய. எது சரியான பெயர் என்ற கேள்வி இங்கே எழாது. பழைய நிறுவனத்தின் ஏட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிழை உட்பட, அப்படியே விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். முகவரியைத் திருத்திவிட்டு அனுப்பலாம் என்று நினைத்துத் திருத்தாதீர்கள். திருத்தம் பதிவேட்டில் ஏறும்வரை விண்ணப்பம் முட்டி நிற்கும். பழையபடியே எழுதி எண்ணைக் கொண்டுவந்துவிட்டு, புதிய இடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துங்கள்.

விண்ணப்பத்துக்கு முன்பே புதிய நிறுவனத்தில் ஒரு தற்காலிக எண் வாங்கி, கருவியைப் பொருத்திச் சில நாள் பேசிப் பாருங்கள். சென்னைக்கும் கொழும்புக்கும், நிலவழிக்கும் கைபேசிக்கும் தனித்தனியாக அழையுங்கள். குரல் தாமதமாகப் போகிறதா, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா என்பது இப்போதே தெரிந்துவிடும். திருப்தியானால் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு கட்டணம் ஒரு மாதம் சேர்ந்து விழும். அதைச் செலவாக எண்ணாதீர்கள்.

பழைய இணைப்பை முன்கூட்டியே ரத்து செய்வதுதான் இதில் பெரிய தவறு. ரத்து செய்யப்பட்ட எண் உங்கள் பெயரிலிருந்து விலகிவிடும். பிறகு அதைப் போர்ட் செய்யும் உரிமையை நிலைநாட்டுவது பெரும்பாடு. போர்ட் நிறைவேறும்போது அந்த எண்ணின் பழைய சேவை தானாகவே முடிவுக்கு வரும்.

"பாக்கியைக் கட்டினால்தான் எண்ணை விடுவோம்" என்று பழைய நிறுவனம் சொன்னால் அது அமெரிக்க விதிக்கு முரண். கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, எண்ணை விடும் கடமையை 2007இல் இணையத் தொலைபேசி நிறுவனங்களுக்கும் விரிவாக்கியது. பாக்கி இருந்தாலும், முன்விலகல் கட்டணம் இருந்தாலும் எண்ணைத் தடுத்துவைக்க முடியாது. பாக்கி உங்கள் தலையில் தனியாக இருக்கும், அது வேறு கணக்கு. சிக்கலில்லாத போர்ட் ஒரு வேலை நாளில் முடியவேண்டும் என்பதும் விதி. நடைமுறையில் இணையத் தொலைபேசிகளிடையே பல நாள் ஆவதுண்டு, ஏனென்றால் நடுவே மொத்த வியாபார நிறுவனங்கள் இருக்கின்றன. விதியை மேற்கோள் காட்டிக் கண்ணியமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல நேரம் அதுவே வேலை செய்யும்.

எண் மாறும் நாளில் குழப்பம் இருக்கும். சில வலைப்பின்னல்களிலிருந்து வரும் அழைப்பு புதிய இடத்தில் ஒலிக்கும், வேறு சில இன்னும் பழைய அடாப்டருக்கே போகும். இரண்டு கருவியையும் கழற்றாமல் வைத்திருங்கள். வெவ்வேறு கைபேசி நிறுவன எண்களிலிருந்தும், ஊரிலிருந்தும் அழைக்கச் சொல்லிச் சோதியுங்கள். குறுஞ்செய்தி தனி வழியில் போவதால் அது பின்தங்கி வரலாம். அந்த எண்ணுக்குக் கடவுக்குறியீடு அனுப்பும் வங்கி ஏதாவது இருந்தால், மாற்றத்துக்கு முன்பே அங்கே கைபேசி எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

911

இதை அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள் என்பதால்தான் தனியாக எழுதுகிறேன். இணையத் தொலைபேசியிலிருந்து 911 அழைத்தால், ஆம்புலன்ஸ் வருவது நீங்கள் நிறுவனத்தில் பதிந்துவைத்த முகவரிக்கு. புதிய நிறுவனத்தில் அந்த முகவரி தானாக வந்து சேராது. நீங்கள் பதிய வேண்டும். அடுக்ககம் என்றால் வீட்டு எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். அமெரிக்காவில் சில நிறுவனங்களில் 933 என்ற எண்ணை அழைத்தால் பதிவிலுள்ள முகவரியை வாசித்துக் காட்டும். கனடாவில் இத்தகைய அழைப்பை முதலில் இடைநிலை அழைப்பு மைய ஊழியர் ஒருவர் எடுத்து, முகவரியைக் கேட்டு உறுதிசெய்தபின் உரிய இடத்துக்கு இணைப்பதுண்டு. பிள்ளைகளோடு தங்க வந்திருக்கும் பெற்றோருக்கு ஆங்கிலம் தடுமாறினால், வீட்டு முகவரியைத் தமிழ் எழுத்தில், ஆங்கில உச்சரிப்பில் எழுதித் தொலைபேசியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது போலாகும் என்பதையும் சொல்லிவையுங்கள். மின்சாரம் போனால் மோடமும் அடாப்டரும் சேர்ந்து நிற்கும்; வீட்டில் முதியவர்கள் இருந்தால் பேட்டரி காப்பு ஒன்று வேண்டும்.

ஏற்கெனவே மூடிவிட்டால்

அன்றே புதிய நிறுவனத்தில் போர்ட் விண்ணப்பம் கொடுங்கள், கடைசி பில்லை இணைத்து. மொத்த வியாபார நிறுவனம் இன்னும் இயங்குகிறது என்றால் எண் உடனடியாக அழிந்துவிடுவதில்லை. எந்த நிறுவனத்திடம் எண் இருக்கிறது என்பதைப் புதிய நிறுவனத்தால் கண்டறிய முடியும். அதைக் கேட்டு வாங்கி, அங்கே எழுதுங்கள். அமெரிக்காவில் எஃப்சிசியிடமும் மாநிலப் பொதுச்சேவை ஆணையத்திடமும் புகார் அளிக்கலாம். கனடாவில் சிசிடிஎஸ் என்ற குறைதீர் அமைப்பு கட்டணமில்லாமல் விசாரிக்கும். சேவையை நிறுத்துமுன் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2009இல் எஃப்சிசி விதி கொண்டுவந்தது. ஆனால் கஜானா காலியான நிறுவனம் விதிக்குப் பயப்படும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

இந்த நேரத்தில் "உங்கள் கணக்கு எங்களுக்கு வந்துவிட்டது, அட்டை எண்ணைச் சொல்லுங்கள்" என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். உண்மையிலேயே ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தால் அது பொது அறிவிப்பில் இருக்கும். அங்கிருந்து எண்ணை எடுத்து நீங்களே அழையுங்கள். ஏற்கும் நிறுவனத்துக்குப் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எண்ணோடு விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

எண் மாறியபின் பழைய கணக்கு முடிந்ததை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே கணக்கில் இரண்டாவது எண்ணோ தொலைநகல் எண்ணோ இருந்தால், ஒன்றைப் போர்ட் செய்ததால் மற்றது முடிவதில்லை. கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மாத அட்டைக் கணக்கில் பழைய நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போர்ட் நிறைவேறிய தேதியைக் காட்டும் மின்னஞ்சலை இணைத்து அட்டை நிறுவனத்துக்கு அன்றே எழுதிவிடுங்கள்.